போன் எங்கே வைப்பீங்க?

"ரிங்கர் போயிட்டு" என்றுதான் வருவார்கள். செல்போன் ஒலிபெருக்கிக்கு எங்கள் தொழிலில் ரிங்கர் என்று பெயர். யார் வைத்த பெயரோ, தூத்துக்குடியில் கடை போட்டிருக்கும் நானும், சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்பவரும், கடைக்கு வரும் பாட்டியும் ஒன்றுபோல அப்படித்தான் சொல்கிறோம். போனை மேசையில் வைத்துவிட்டு, "மாத்தி விட்டுருங்க, எவ்வளவு ஆகும்?" என்பார்கள். நான் முதலில் திரையின் மேல் ஓரத்தைப் பார்ப்பேன். சில போன்களில் அங்கே கடுகளவுக்கு ஒரு ஹெட்போன் படம் நிற்கும். போனில் எந்த ஒயரும் செருகியிருக்காது.

படம் நின்றால் ரிங்கருக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டு உறுதிசெய்துகொள்வேன். "மணி அடிக்குதா?"

"மணி அடிக்கு. எடுத்தா ஆளு பேசுறதுதான் கேக்க மாட்டேங்கு."

இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஹெட்போன் மாட்டியிருந்தாலும் அழைப்பு மணியைப் பெரும்பாலான போன்கள் ஒலிபெருக்கியிலும் சேர்த்து அடிக்கும். ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டவன் அழைப்பைத் தவறவிடக் கூடாதல்லவா, அதற்காக. பேச்சும் பாட்டும் சினிமாவும் மட்டும் ஹெட்போனுக்குப் போகும். ஆக, மணி கேட்டுப் பேச்சு கேட்கவில்லை என்றால் போன் நல்ல நினைப்போடுதான் வேலை செய்கிறது. யாரோ காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, இல்லாத காதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. எஃப்எம் ரேடியோ உள்ள போன் என்றால் அதைத் திறப்பேன். ஹெட்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. ஒயர் இல்லாவிட்டால் "ஹெட்செட்டைச் செருகு" என்று திருப்பி அனுப்பிவிடும். இந்த நோய் வந்த போனில் ரேடியோ தாராளமாகத் திறந்து, அடைமழை மாதிரி இரையும்.

நான் தொழில் படித்தது செல்போன் கடையில் இல்லை. 1998-ல் பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்த கையோடு ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், டூ இன் ஒன், எப்போதாவது ஒரு டிவி. அங்கே இதே நோயை, இதைவிட எளிய உருவத்தில் பார்த்திருக்கிறேன். ரேடியோ பாடாது, வால்யூமைத் திருகினாலும் மூச்சு இருக்காது. அண்ணாச்சி பின்பக்கத்தைக் கழற்றவே மாட்டார். மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய இயர்போன் முனையை எடுத்து, ரேடியோவின் பக்கவாட்டு ஓட்டையில் பத்து தடவை செருகி உருவுவார். ரேடியோ பாட ஆரம்பித்துவிடும். எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

ஒருநாள் ஒரு ஜாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றையொன்று தொட்டபடி இரண்டு ஸ்பிரிங் தகடுகள். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் அந்தத் தொடுதல் வழியாகத்தான் போகிறது. இயர்போன் முனை உள்ளே வந்தால் தகட்டைத் தள்ளித் தொடுதலை விலக்கும். ஸ்பீக்கர் நின்று இயர்போன் பாடும். கடற்கரை ஊரில் அந்தத் தகடு பச்சை பூத்துவிட்டால், முனை இல்லாமலேயே தொடுதல் விலகிய கதைதான். "செருகி உருவுறது எதுக்குன்னு இப்பம் தெரியுதா? சுரண்டுதேன்ல" என்றார். பிடிவாதக்காரக் கேஸ்களுக்கு ஒரு சொட்டு சி.டி.சி. விடுவார். கார்பன் டெட்ராகுளோரைடு. கடை முழுக்க இனிப்பாக ஒரு வாடை அடிக்கும். அது ஈரலுக்கும் ஓசோனுக்கும் ஆகாதது என்பது பிறகுதான் தெரிந்தது; 2010 வாக்கில் சந்தையை விட்டே போய்விட்டது. நாங்கள் அதில் கை கழுவியிருக்கிறோம்.

2009-ல் தனியாகச் செல்போன் கடை போட்டபோது, அந்த ஓட்டையும் கூடவே வந்தது. 3.5 மில்லிமீட்டர் ஜாக். 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் ஆபரேட்டர்கள் பலகையில் செருகி உருவிய தடித்த முனையின் பேரப்பிள்ளை அது. 1979-ல் வாக்மேன் வந்தபோது ஊர் உலகத்துக்குப் பழக்கமானது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ரேடியோவில் தகடு ஸ்பீக்கரையே துண்டித்தது. போனில் தகடு தகவல் மட்டும்தான் சொல்கிறது. 'ஆள் வந்தாச்சு' அல்லது 'ஆள் இல்லை'. சத்தத்தை எங்கே அனுப்புவது என்பது அதைக் கேட்டபின் உள்ளே நடக்கும் முடிவு.

தகவல் சொல்லும் முறையில் இரண்டு ஜாதி. ஒன்றில், ஒரு தனித் தொடுமுனையில் 1.8 வோல்ட் அளவில் மெல்லிய மின்னழுத்தம் எப்போதும் காத்திருக்கும். ஹெட்போன் முனை வந்து தொட்டதும் அது தரைக்கு இறங்கும்; போன் ஹெட்போன் படத்தைப் போடும். இங்கே ஹெட்போனுக்குப் பதில் ஒரு சொட்டு வியர்வை தொட்டாலும் போதும். இன்னொரு ஜாதி அண்ணாச்சியின் ரேடியோவைப் போல: இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஆள் இல்லை, விலகினால் ஆள் வந்தாச்சு. இங்கே ஈரத்தைவிட அழுக்கும் வளைந்த தகடும்தான் வில்லன். முதல் ஜாதியில் தொடக் கூடாதது தொடுகிறது. இரண்டாவதில் தொட வேண்டியது தொடவில்லை. வெளியே தெரியும் படம் ஒன்றுதான்.

இது தெரியாமல் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஜாக் இருக்கும் சப் போர்டை மெயின் போர்டோடு இணைக்கும் ஸ்ட்ரிப்பைக் கழற்றிப் பார், ஹெட்போன் படம் மறைந்தால் கோளாறு சப் போர்டில், மறையாவிட்டால் மெயின் போர்டில் என்று ஒரு பாடம் எல்லாக் கடையிலும் சொல்லித் தருவார்கள். முதல் ஜாதிக்கு அது சரி. இரண்டாவது ஜாதியில் ஸ்ட்ரிப்பைக் கழற்றினாலே தொடுதல் விலகிவிடும். நல்ல போனும் ஹெட்போன் படம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு மெயின் போர்டில் ஹாட் ஏர் அடித்து, ஓடிக்கொண்டிருந்த போனைக் கொன்றவர்கள் உண்டு. ஒன்றிரண்டு என் கணக்கிலும் இருக்கிறது.

நான் வெட்கப்பட வேண்டிய கேஸ் அதுவல்ல, வேறு. 2013 என்று நினைவு. கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி. ஹெட்போன் படம் நிற்கிறது. பிரித்தேன், ஜாக்கின் தகடு தளர்ந்திருந்தது. சப் போர்டு மாற்றி 450 ரூபாய் வாங்கினேன். பத்தாம் நாள் திரும்ப வந்தாள், அதே படம். மட்டமான போர்டு போலிருக்கிறது என்று இன்னொன்று மாற்றினேன், காசு வாங்கவில்லை. இரண்டு வாரத்தில் மூன்றாம் தடவை வந்தாள். இந்தத் தடவை அவசரத்தில் வந்ததால் ஒன்றைக் கழற்ற மறந்துவிட்டாள். ஜாக்கில் சிவப்புக் கல் வைத்த ஓர் அடைப்பான், மூக்குத்தி மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. அப்போது அது பேஷன். தூசி போகாமலிருக்க என்று பத்து ரூபாய்க்கு விற்றார்கள். குட்டையான முனை, ஆனால் தடிமன் அதிகம். தகட்டை நாள் முழுக்கப் பக்கவாட்டில் நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைக்கு வரும்போதெல்லாம் அதைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொள்வாளாம். "ஏம்மா?" என்றேன். "கல்ல எடுத்துருவீங்களோன்னு" என்றாள்.

அன்றைக்கு மேல் ட்வீசரைக் கையில் எடுப்பதற்கு முன் வாயைத் திறக்கப் பழகினேன். ஜாக்கில் என்ன செருகுவீர்கள்? போன் எங்கே வைப்பீர்கள்? ராத்திரி எங்கே கிடக்கும்? வேறு யார் எடுப்பார்கள்? சிலருக்குக் கோபம் வரும். "ரிப்பேர் பண்ணச் சொன்னா விசாரணை பண்ணுதீரு" என்று ஓர் அண்ணாச்சி எழுந்தே போனார்.

ஆனால் பதில்கள்தான் கோளாறைச் சொல்லும். ஜீன்ஸ் பையில் வைப்பவர் போனில் துணிப் பிசிறு. ஹெட்போன் செருகும்போதெல்லாம் அது உள்ளே இடிபட்டு அடியில் அடை மாதிரி இறுகியிருக்கும். சட்டைப் பையில் வைக்கும் கொத்தனார் போனில் சிமென்ட். மக்ரூன் போடும் பேக்கரிப் பையன் ஒருவனின் ஜாக்கில் சீனியும் முட்டைவெள்ளையும் இறுகி, அதற்குள் எறும்பு. தூத்துக்குடியில்தான் இப்படி ஒரு கேஸ் வரும். இவற்றுக்கெல்லாம் பல்லிடுக்கில் விடுகிற சின்ன பிரஷ், ஐசோபுரோபைல் ஆல்கஹால், அண்ணாச்சி வழியில் பத்துத் தடவை செருகி உருவல், அவ்வளவுதான். ஊக்கு, ஊசி, ஹேர்பின் விட்டுக் குடைந்து கொண்டுவந்தால்தான் எனக்கு நல்ல வருமானம். தகடு வளைந்தால் போர்டு மாற்றாமல் தீராது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும் கேஸ்களும் உண்டு. ஹெட்போனை உருவியதை மென்பொருள் கவனிக்காமல் விட்டிருக்கும். அதனால் ரீசெட் அடித்தால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பேத்தி போட்டோவையெல்லாம் அழித்துவிட்டு வந்து நிற்பவரைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்காது. ஈரத்தை ரீசெட் என்ன செய்யும்?

திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கிற ஓர் அண்ணன். அவர் கொண்டுவந்த புகார் போனைப் பற்றியதே இல்லை. "என் மச்சினன் எங்கூடப் பேச மாட்டேங்கான். போனைப் போட்டா நான் எடுத்துட்டு, பேசாம இருக்கனாம். நான் எடுக்கவே இல்லங்கேன், நம்ப மாட்டேங்கான்." ஹெட்போன் ஒயரில் ஒரு பொத்தான் இருக்குமே, அதை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குடும்பச் சண்டை விளங்கும். பொத்தான் மைக் கம்பியைத் தரைக்கம்பியோடு சேர்க்கிறது. இடையே எவ்வளவு தடை என்று போன் அளக்கிறது. ஆண்ட்ராய்டு வகுத்த கணக்கில் 70 ஓமுக்குள் இருந்தால் 'அழைப்பை எடு'. 210-லிருந்து 290 வரை 'சத்தம் கூட்டு'. 360-லிருந்து 680 வரை 'சத்தம் குறை'. இவர் போனின் ஜாக்குக்குள் கடல்நீர் புகுந்து, பச்சை பூத்து, அந்தத் தடை இஷ்டத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பைக்குள் கிடந்தபடியே போன் மச்சினனின் அழைப்பை எடுத்திருக்கிறது. எடுத்தபின் இல்லாத ஹெட்போனின் மைக்கிலிருந்து அவருக்குப் போனது வெறும் இரைச்சல். நான் மச்சினனுக்கே போன் போட்டு விளக்கம் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை; 70 ஓம் என்றதும் "யார வச்சு பேச வைக்க?" என்று கேட்டார்.

எனக்குப் பெரிய பாடம் சொல்லித் தந்தது முள்ளக்காடு பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிற ஓர் அக்கா. ஒரு மாசி மாதம். காலை பதினோரு மணிக்கு வந்தார், வேலை முடித்த கையோடு, காலில் உப்புப் படிந்து. "தம்பி, விடியக்காலம் ஆனா பேச்சு கேக்க மாட்டேங்கு." திரையைப் பார்த்தேன், படம் இல்லை. போன் போட்டுப் பேசினேன், தெளிவாகக் கேட்டது. ஒன்றுமில்லை அக்கா என்று அனுப்பிவிட்டேன். நாலு நாளில் மறுபடி வந்தார். மறுபடி ஒன்றுமில்லை. வந்ததற்கு ஜாக்கில் கொஞ்சம் ஆல்கஹால் விட்டுத் துடைத்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு நடுவே காலை நாலரை மணிக்குத்தான் அழைப்பான். அந்த நேரம் இவர் உப்பளத்தில் இருப்பார். வெயிலுக்கு முன்னால் உப்பை அம்பாரத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதால் அங்கே வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். "நாலு நாளா அவன் குரலக் கேக்கல. நான் பொய்யா சொல்லுதேன்?"

அப்போதுதான் கேட்டேன். வெட்கம், மூன்றாம் தடவைதான் கேட்டேன்.

"போன் எங்கக்கா வைப்பீங்க?"

"எங்க வைப்பாக? மடியிலதான்."

அன்றிரவு போனை வாங்கி வைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில், பனி விழாமல் ஆனால் காற்றுப் படும்படி, தண்ணீர்த் தொட்டியின் அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். அஞ்சு மணிக்கு எழுந்து போய்த் திரையைத் தட்டினால் ஹெட்போன் படம் நிற்கிறது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என் வீட்டுக்காரியிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி எட்டரை மணி வாக்கில் படம் தானாக அவிந்தது.

கடையில் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஜாக்கின் கால்களுக்கு இடையே வெள்ளையாக ஒரு படிவு, கோலமாவு சிந்தியதுபோல. உப்பு காய்ந்து கிடந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். வீட்டு உப்பு ஜாடியில் பார்ப்பதுதான். கடலோர விடியற்காலைகளில் ஈரப்பதம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு வேறு இருக்கும். அதற்கு ஈரம் இழுக்க 33 சதவீதமே போதும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கசிந்து தொடுமுனையைத் தரையோடு சேர்க்கும். வெயில் வந்தால் காய்ந்து விட்டுவிடும். அந்த அக்கா பகல் பதினோரு மணிக்குக் கொண்டுவந்தால் எனக்கு என்ன தெரியும்!

இதற்கு நான் ஏற்கெனவே ஆல்கஹால் போட்டுத் துடைத்தேனே, அது ஏன் பலிக்கவில்லை? நான் பத்து வருஷம் தொழிலில் இருந்தும் யோசிக்காத விஷயம்: உப்பு ஆல்கஹாலில் கரையாது. எண்ணெய்ப்பசை போகும், பிளக்ஸ் போகும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். தண்ணீர் என்றால் செல்போன் கடைக்காரனுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் பேட்டரியைக் கழற்றி, சப் போர்டை வெளியே எடுத்து, லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவினேன். ஒரு தடவை இல்லை, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை. அதன் பிறகுதான் ஆல்கஹால், இந்தத் தடவை தண்ணீரை விரட்டுவதற்காக. மேசை விளக்கின் சூட்டில் சாயங்காலம் வரை காயவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். தொடுமுனைக்கும் தரைக்கும் நடுவே கசிவில்லை. இன்னொரு ராத்திரி மாடியில் வைத்தேன். விடிந்தும் படம் வரவில்லை.

நூறு ரூபாய் வாங்கினேன். மூன்று தடவை அலையவிட்டதற்கு நான்தான் கொடுத்திருக்க வேண்டும். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொன்னேன். "அதுக்குள்ளயும் வேர்க்குமே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2016-ல் ஐபோன் 7 ஜாக் இல்லாமல் வந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஓட்டை போனால் நோயும் போகும் என்று நினைத்தேன். 2023 டிசம்பர் 17, 18-ல் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவிலும் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் வடியவில்லை. கடையில் கீழ்த்தட்டில் இருந்த சாமான் எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்ததும் போன்கள் வந்தன. பாதிப் போன்கள் அரிசிப் பானைக்குள் இருந்து எடுத்து வந்தவை. அரிசி எந்தப் போனையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. தவிட்டு மாவும் ஈரமும் சேர்ந்து ஓட்டைகளில் களியாகியிருக்கும். அதைக் கிண்டி எடுப்பதே தனி வேலை.

என் கூடப்பிறந்த அக்காவின் மகன்தான் இப்போது கடையில் எனக்குக் கை உதவி. அவன் ஒரு போனைத் தூக்கிக் காட்டினான். "மாமா, இதுல ஓட்டையே இல்ல. பெறகு எப்படி ஹெட்போன்னு காட்டுது?"

சார்ஜ் போடும் டைப் சி வாயில் 24 தொடுமுனைகள். அவற்றில் இரண்டின் வேலை, வந்து செருகியிருப்பது யார் என்று கண்டுபிடிப்பது. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ஓம் அளவில் தரைக்கு இறங்கினால், வந்திருப்பது ஹெட்போன் அடாப்டர் என்று அர்த்தம். பழைய ஹெட்போனை மாட்ட ஒரு சின்ன வால் விற்கிறார்களே, அதற்காகச் செய்த ஏற்பாடு. இதை ஏற்கும் போன்களில், வாய்க்குள் புகுந்த வெள்ளச் சகதியும் அந்த இரண்டு முனைகளையும் அதேபோலத் தரையோடு சேர்த்துவிட்டால் போதும். ஓட்டையை எடுத்தார்கள், கேள்வி கேட்கிற பழக்கத்தை எடுக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் பேட்டரித் தண்ணீர் கேன் கேனாக வாங்கினேன். பெட்ரோல் பங்க்காரர் எனக்கு லாரி ஓடுகிறதா என்று கேட்டார்.

போன மாசியில் அந்த அக்கா வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மகன் வாங்கி அனுப்பிய புதுப் போன், பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்.

"இதுலதான் அந்த ஓட்ட கெடையாதே தம்பி. இதுலயும் விடியக்காலம் ஹெட்போன்னு வருதே."

நான் போனைத் திருப்பி, சார்ஜ் போடும் வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உதட்டோரம் வெள்ளையாக மின்னியது. நிமிர்ந்து பார்த்தேன், வாயைத் திறக்குமுன் அவரே சிரித்துவிட்டார்.

"மடியிலதான்."